கேனானை விற்க அவசரப்படாதீர்கள்

மயிலாப்பூர் மாட வீதியில் சாயங்காலம் எடுத்த படங்கள் நண்பரின் சோனி கேமராவில் பளிச்சென்று இருக்கின்றன, உங்கள் கேனானில் ஒரே நாய்ஸ் (புள்ளிப் புள்ளியாகத் தெரியும் கரகரப்பு), அதனால் பிராண்டை மாற்றலாமா என்கிறீர்கள். வேண்டாங்க. நீங்கள் போட்டிருந்தது கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 எம்எம் கிட் லென்ஸ், 55-இல் அதன் திறப்பு அதிகபட்சம் எஃப் 5.6 (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிசு), அவருடையது 50 எம்எம் எஃப் 1.8, அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே போகிறது, அதே ஷட்டர் வேகத்தில் அவர் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு, ஏற ஏற நாய்ஸும் தெரியும்) 640-இல் எடுத்ததற்கு உங்கள் கேமரா 6400-க்கு ஏறத்தான் செய்யும். நிறம் வேறுபடுவதும் அப்படித்தான், கேமராவே தயாரித்துத் தரும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் ருசிக்குச் சமைத்துத் தருகிறது. ரெண்டு பேரும் ரா ஃபைலில் (கேமரா சமைக்காத மூலப் பதிவு), ஒரே ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) வைத்துப் பாருங்கள். அப்புறம், ஏசி காரிலிருந்து இறங்கியதும் நம்ம ஊர் புழுக்கத்தில் லென்ஸில் ஆவி படியும், அது கலையும்வரை எதையும் ஒப்பிடாதீர்கள். கேனானிலேயே 50 எம்எம் எஃப் 1.8 இருக்கிறது, புது கேமரா பாடியைவிட ரொம்ப மலிவு, முதலில் அதை வாங்குங்கள்.