நீல் டோவி ஐந்து வருஷம் என்ன கிழித்தார்?

கேள்வி: 1996-ல் ஆப்பிரிக்கக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் என்பதற்காக, நீல் டோவியை 2015 முதல் 2020 வரை சாஃபாவின் (தென்னாப்பிரிக்கக் கால்பந்து சங்கம்) டெக்னிக்கல் டைரக்டராக வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் நம் தேசிய அணியான பஃபானா பஃபானா 2018 உலகக் கோப்பைக்குக்கூடப் போகவில்லை. நன்றாக ஆடியவருக்கெல்லாம் ஒரு நாற்காலி கொடுத்தே ஆக வேண்டுமா? இவர்கள் நம் இந்தியப் பிள்ளைகளையும் கண்டுகொள்வதில்லையே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: ஐயா, தென்னங்கன்று நட்ட வருஷமே இளநீர் கேட்கிறீர்கள்.

முதலில் அந்த 2018. அணியைத் தேர்ந்தெடுப்பதும் களத்தில் இறக்குவதும் பயிற்சியாளர் வேலை. அப்போது அந்த இடத்தில் முதலில் ஷேக்ஸ் மஷாபா இருந்தார், அப்புறம் ஸ்டூவர்ட் பாக்ஸ்டர். 2016 நவம்பரில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் செனகலை 2-1 என்று வென்றோம். இல்லாத பெனால்டியை நடுவர் கொடுத்தார் என்று ஃபிஃபா அவருக்கு ஆயுள் தடை போட்டு, ஆட்டத்தையும் ரத்து செய்தது. ஒரு வருஷம் கழித்து மறுபடி ஆடித் தோற்றோம். ஆனால் முழுப் பழியையும் நடுவர் தலையில் கட்ட மாட்டேன். கேப் வெர்டேயிடம் ஒரே வாரத்தில் இரண்டு தடவை தோற்றோம், அதில் ஒன்று நம் டர்பன் மோசஸ் மபீடா ஸ்டேடியத்திலேயே. இதில் டோவியை எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பீர்கள்?

டெக்னிக்கல் டைரக்டர் என்பதைத் தமிழில் ‘தொழில்நுட்ப இயக்குநர்’ என்று எழுதுகிறோம். கேட்டால் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர் போல இருக்கிறது. உண்மையில் அவர் பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்கிறவர். உரிமம் தரும் வகுப்புகள், 17, 20, 23 வயதுக்கு உட்பட்ட அணிகள், எந்த வயதில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற பாடத்திட்டம், இவைதான் அவர் வேலை. சாஃபாவுக்கு நாடெங்கும் 52 வட்டாரங்கள் இருக்கின்றன. இந்த வேலையில் கைதட்டல் கிடையாது. பலன் வரும்போது நாற்காலியில் வேறு ஆள் இருப்பார்.

2019 நவம்பரில் எகிப்தில் 23 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆப்பிரிக்கப் போட்டி நடந்தது. டேவிட் நொடுவானே பயிற்றுவித்த நம் பையன்கள் பெனால்டியில் கானாவை முந்தி மூன்றாவது இடம் பிடித்தார்கள், ஒலிம்பிக் டிக்கெட்டும் கிடைத்தது. அப்போது டோவி பதவியில்தான் இருந்தார். டோக்கியோவில் பிரான்சிடம் 4-3 என்று தோற்றோம். மூன்று ஆட்டங்களிலும் தோற்றதால் பேப்பர்காரர்கள் கழுவி ஊற்றினார்கள். ஆனால் அந்த பிரான்ஸ் ஆட்டத்தில் நமக்காகக் கோல் போட்ட மூவரில் எவிடன்ஸ் மக்கோபா ஒருவர், டெபோஹோ மொகோயெனா இன்னொருவர். 2024 ஜனவரி 30 அன்று ஆப்பிரிக்கக் கோப்பையில் மொராக்கோவை 2-0 என்று வீட்டுக்கு அனுப்பினோமே, அந்த இரண்டு கோலும் இதே இரண்டு பேர் கால்களிலிருந்துதான் வந்தன. அந்தத் தொடரில் வெண்கலம் வாங்கினோம். எல்லாரும் அப்போதைய பயிற்சியாளர் ஹியூகோ புரூஸைப் பாராட்டினார்கள், நானும்தான் இந்தப் பக்கத்தில் பாராட்டினேன். டோவி பெயரை ஒருவரும் சொல்லவில்லை. எல்லாம் அவரால் வந்தது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் பெயிலுக்கு மட்டும் அவர் பெயரைப் போட்டு, பாஸுக்கு அடுத்தவர் பெயரைப் போடுவது எந்தப் பள்ளிக்கூட வழக்கம், வாத்தியாரே?

‘நாற்காலி கொடுத்தார்கள்’ என்றது எனக்கு உறுத்துகிறது. டோவி நம் ஊரில் வளர்ந்த ஆட்டக்காரர். டர்பன் சிட்டி, அமாசூலு கிளப்களில் ஆடிவிட்டுத்தான் கைசர் சீஃப்ஸ் கிளப்புக்குப் போனார். நிறவெறி ஆட்சியால் நாட்டுக்கே தடை என்பதால் அவருடைய இருபதுகள் முழுக்க சர்வதேச ஆட்டம் இல்லாமலே போயின. 1992 ஜூலை 7 அன்று டர்பன் கிங்ஸ் பார்க் மைதானத்தில் கேமரூனுக்கு எதிராக நாடு மறுபடி களம் இறங்கியபோது, அவருக்கு 30 வயது முடிந்து ஐந்து நாள். மண்டேலா அவருடைய 9-ம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்ற அந்த 1996 படம் மட்டும்தான் நமக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஹெலனிக், சன்டவுன்ஸ், அமாசூலு என்று பயிற்சியாளராக அலைந்தார். எடுத்தவுடன் யாரும் அவரைக் குளிர்சாதன அறையில் உட்காரவைக்கவில்லை.

சரி, நம் பிள்ளைகள் விஷயம். இங்கே உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம். 1903-லிருந்தே சாம் சைனா கோப்பை என்ற இந்தியர் கால்பந்துக் கோப்பைக்கு ஆடிய சமூகம் இது. நம்மவர்கள் 1928-ல் தொடங்கிய மானிங் ரேஞ்சர்ஸ் கிளப்தான் 1996-97-ல் நாட்டின் முதல்தர லீக்கான பிஎஸ்எல்லின் முதல் சாம்பியன், உங்கள் சாட்ஸ்வொர்த் ஸ்டேடியமே அதன் வீடு. பத்து வருஷத்துக்குள் பணக் கஷ்டத்தில் அதை விற்று, கேப் டவுனுக்கு அனுப்பிவைத்தோம். அப்போது எத்தனை பேர் எழுந்து கேட்டோம்? இப்போது சனிக்கிழமை காலை நம் பையன்கள் டியூஷனில் இருக்கிறார்கள், மீதிப் பேர் கிரிக்கெட் நெட்டில். மைதானத்துக்கு வராத பையனை ஜோஹன்னஸ்பர்க் சாஃபா அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு யார் கண்டுபிடிப்பது?

ஓய்வு பெற்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 13 வயதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று உங்கள் பக்கத்துக் கிளப்காரர் ஒருவர் போன மாதம் என்னிடம் புலம்பினார். ஆரம்பநிலைப் பயிற்சியாளர் வகுப்புக்கு வயசு ஒரு தடையில்லை. பெயர் கொடுங்கள், விசில் நான் வாங்கித் தருகிறேன்.