‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்’ என்ற பிறகும் வலிக்கிறதே?

கேள்வி: எனக்கு வயது 46. பாலர் பள்ளியில் தமிழாசிரியை. மூன்று வருடமாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று மாறி மாறி வலி. தூங்கி எழுந்தாலும் அசதி போவதில்லை. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அவர் ‘டுலோக்ஸெடின்’ எழுதிக் கொடுத்தார். தேடிப் பார்த்தால் அது மனச்சோர்வு மாத்திரையாம். என் குறிப்பில் ‘சொமாட்டிக் சிம்ப்டம் டிஸார்டர்’ என்று இருந்தது. “அப்ப எல்லாம் உன் மனசுலதான்” என்கிறார் கணவர். வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்கிறார் மாமியார். மாத்திரையை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை. என் வலி பொய்யா? மாத்திரை போட்டால் வேலை, காப்புறுதி, மகளின் கல்யாணப் பேச்சு எல்லாம் பாதிக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் வலி பொய் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வலியை ஆராயும் அனைத்துலகச் சங்கம் 2020இல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தி எழுதியது. உடம்பில் சேதம் இருந்து வருவதும் வலிதான், சேதம் இருப்பதைப் போலவே உணரப்படுவதும் வலிதான் என்கிறது அந்த விளக்கம். ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்றும் அதோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் ஸ்கேனில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். எம்ஆர்ஐ முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டையும் தசையையும் நரம்பு நசுங்கலையும் காட்டும். தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியை எவ்வளவு பெரிதாக்கி எடுத்துக்கொள்கின்றன என்பதை இரண்டுமே காட்டாது. தண்டுவட நரம்பணுக்கள் அப்படிக் கூர்மையாகிவிட முடியும் என்பதை கிளிஃபோர்ட் உல்ஃப் என்ற ஆய்வாளர் 1983இலேயே காட்டிவிட்டார். அந்த நிலையில் சாதாரண அழுத்தம்கூட வலியாகும், வலி இடம் மாறும், தூக்கம் கெடும். நீங்கள் எழுதியிருப்பது பெரிதும் இதோடு ஒத்துப்போகிறது. ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பெங்கும் நீடிக்கும் வலியும் அசதியும் தூக்கக் கேடும் சேர்ந்த நோய்) என்ற பெயரை யாராவது உங்களிடம் சொன்னார்களா? கடிதத்தில் அது இல்லை. அடுத்த முறை நீங்களே கேளுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இந்த மாதிரி வலிக்கு, உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடப்பில் உள்ள நோய்ப் பட்டியலில் தனி இடம் இருக்கிறது. மனநோய்களுக்கான அத்தியாயத்தில் அதை வைக்கவில்லை.

இனி உங்கள் குறிப்பில் இருக்கும் அந்தப் பெயருக்கு வருவோம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் புதிதாகச் சேர்த்த பெயர் அது. அதற்கு முன்னால் இந்த வகை நோய்ப் பெயர்களில், ‘உடல் காரணம் கிடைக்கவில்லை’ என்பதற்குப் பெரிய பங்கு இருந்தது. புதிய பெயரில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இப்போது பார்ப்பது ஒரு தொல்லை தரும் உடல் அறிகுறியையும், அதைப் பற்றிய எண்ணமோ பயமோ நடவடிக்கையோ அளவுக்கு மீறியிருப்பதையும்தான். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்கவும் வேண்டும். புற்றுநோயாளிக்கும் இந்தப் பெயர் வரலாம். ஆகவே ‘ஸ்கேன் நார்மல், எனவே இது மனசு’ என்று யார் சொன்னாலும், அந்தக் கையேட்டின்படியே அது தவறு. உங்கள் கணவருக்கு இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

ஆனால் ‘அளவுக்கு மீறி’ என்பதை யார் அளப்பது? இதே கையேட்டின் முந்தைய பதிப்புக்குத் தலைமை தாங்கிய ஆலன் ஃபிரான்ஸஸ் என்ற மனநல மருத்துவரே, உண்மையான உடல் நோயாளிகள் பலர் இதில் சிக்கிக்கொள்வார்கள் என்று எச்சரித்தார். எனக்கும் அந்தக் கவலை உண்டு. மூன்று வருடம் விடை கிடைக்காத ஒருவர் ராத்திரியில் கைப்பேசியை எடுத்துத் தேடினால் அதை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே மருத்துவரிடம் மரியாதையோடு, நேராகக் கேளுங்கள்: “டாக்டர், எதை வைத்து இந்தப் பெயரைக் கொடுத்தீர்கள்? என் வலிக்கு என்ன பெயர்?” இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மனநலம் சம்பந்தமான ஒரு பெயர் வலியின் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். வலியின் இடத்தில் அதை வைக்கக் கூடாது.

மனச்சோர்வு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதைத் தள்ளிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மருத்துவமனைகளில் தரும் ஒன்பது கேள்விப் படிவத்தில் தூக்கம், அசதி, பசி, கவனம் பற்றியெல்லாம் வரும். வலியே இவை எல்லாவற்றையும் கெடுக்கும் என்பதால், மனச்சோர்வு இல்லாமலேயே மதிப்பெண் ஏறிவிடும். அதனால் மற்ற இரண்டைத்தான் கவனிக்க வேண்டும்: பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டே கிடக்கிறதா, எதிலும் நாட்டம் போய்விட்டதா. இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாமல் மனச்சோர்வு என்று சொல்வதில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். வலி கொஞ்சம் தணிந்த ஒரு மணி நேரத்தில் வகுப்புக் குழந்தைகள் பாடினால் சந்தோஷமாக இருக்கிறதா? தேக்கா சந்தைக்குப் போய் வர ஆசை இருந்தும் உடம்பு இடம் கொடுக்கவில்லையா, அல்லது அந்த ஆசையே வற்றிவிட்டதா? இதை மருத்துவரிடம் சொன்னால் அவருக்கும் பிரித்துப் பார்க்க உதவும். ஆங்கிலத்தில் சொல்லத் தடுமாறினால் தமிழில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். எரிச்சலா, குத்தலா, கடுப்பா, குடைச்சலா என்று சொல்வது முக்கியம், ஏனென்றால் எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற குத்தலும் நரம்பு வலியைக் காட்டக்கூடும்.

நாட்டம் போயிருந்தால் அதற்கும் சிகிச்சை எடுங்கள். வலி மனச்சோர்வைக் கொண்டுவரும், மனச்சோர்வு வலியைக் கூட்டும். எது முதலில் வந்தது என்று வீட்டில் வாதாடிப் பயனில்லை. ‘மனச்சோர்வும் இருக்கிறது’ என்று ஒப்புக்கொண்டால் வலி பொய் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற பயத்திலேயே பல பெண்கள் இரண்டுக்கும் மருந்து எடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு மனம் மிகவும் வேதனைப்படுகிறது. உயிரோடு இருப்பதே பாரம் என்று ஒரு நாள் தோன்றினாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். 1767 எண்ணில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸும், 1771 எண்ணில் தேசிய மனநல உதவி எண்ணும் 24 மணி நேரமும் இருக்கின்றன.

அப்புறம் மாத்திரை. டுலோக்ஸெடின் மனச்சோர்வு மாத்திரைதான். வலி மாத்திரையும்கூட. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலிச் செய்தியைக் குறைக்கும் பாதைகள் இருக்கின்றன. அவை வேலை செய்வது செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்களால். இந்த மருந்து அவற்றைக் கூட்டுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் மனச்சோர்வுக்கும் நீரிழிவு நரம்பு வலிக்கும், 2008இல் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கும், 2010இல் நாள்பட்ட தசை, எலும்பு வலிக்கும் இதை அனுமதித்தது. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் வலி குறைகிறது. ஆகவே எந்த மாத்திரை கொடுத்தார்கள் என்பதை வைத்து உங்களுக்கு என்ன நோய் என்று யாரும் முடிவு கட்ட முடியாது.

எல்லோருக்கும் கேட்கும் மருந்து அல்ல அது, பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் குமட்டலும் வாய் வறட்சியும் வரலாம். டிரமடால் போன்ற வலி மாத்திரையோ வேறு மருந்தோ எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள், சேர்ந்தால் ஆபத்தாகலாம். ஒருமுறை தொடங்கிவிட்டால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, தலைசுற்றலும் உடம்பில் ஷாக் அடித்த மாதிரி உணர்வும் வரலாம். இன்னும் தொடங்கவில்லை என்பதையும் ஏன் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். போட்டுப் பலன் இல்லை என்று அவர் தப்பாக நினைத்து அளவைக் கூட்டிவிடக் கூடாது. மருந்து மட்டும் போதாது. மெல்ல மெல்லக் கூட்டும் உடற்பயிற்சியும் வலியோடு வாழப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் சேர வேண்டும். சிங்கப்பூர் பொது மருத்துவமனை, டான் டோக் செங் மருத்துவமனை போன்றவற்றில் வலிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம்.

இனிமேல் வரும் எல்லாவற்றையும் இந்தப் பெயரிலேயே போட்டுவிட யாரையும் விடாதீர்கள். காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், மூட்டு வீக்கம், கை கால் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது என்று எது புதிதாக வந்தாலும் புதிய அறிகுறியாகவே சோதிக்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

வேலை விஷயம். மனநலம் பற்றி வேலை விண்ணப்பத்தில் தேவையில்லாமல் கேட்கக் கூடாது என்று, அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2020 முதல் சொல்கின்றன. நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தில் மனநலப் பாதிப்பும் பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் ஒன்று. காப்புறுதியில் உங்கள் பயம் முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். புதிதாக எடுத்தாலோ திட்டத்தை உயர்த்தினாலோ உள்ளதைச் சொல்லியாக வேண்டும், நிறுவனம் மறுக்கலாம் அல்லது விலக்கு வைக்கலாம். அதனால் கையில் இருக்கும் திட்டத்தை விட்டுவிட வேண்டாம். அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், குடியுரிமை உள்ளவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஏற்கெனவே உள்ள நோயையும் சேர்த்தே வாழ்நாள் முழுதும் உண்டு.

மாமியாரின் வேண்டுதலை நிறைவேற்றுங்கள், தப்பில்லை. மருந்துக்குப் பதிலாக அது வேண்டாம், அவ்வளவுதான். கணவரை அடுத்த சந்திப்புக்குக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொன்னால் கேட்காததை மருத்துவர் சொன்னால் கேட்பார், பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது.

மகளின் கல்யாணப் பேச்சைப் பொறுத்தவரை, உங்கள் மருத்துவக் குறிப்பை யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் மகளுக்கு மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மாவுக்கு மூன்று வருடமாக வலிக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். வரப்போகிற குடும்பத்திடம் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவளும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்யலாம்.