மீட்டிங்குக்குப் போங்கள், வாழைப்பழம் மட்டும் வேண்டாம்

தம்பி, உங்கள் கேள்வி வந்து சேர்ந்தபோது நான் பேரணாம்பட்டில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரம் லீவு. ஃபோர்ட் லாடர்டேலில் இருப்பவருக்கு பேரணாம்பட்டிலிருந்து பதில் எழுதுகிறேன், வேடிக்கைதான்.

நீங்கள் கேட்டது இது. ஃபுளோரிடாவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. மேனேஜர் தன்னுடைய மீன்பிடி கிளப்பின் மாதக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். இரண்டு மணி நேரமும் 'ஸ்வார்டு, ஸ்வார்டு' என்றே பேசினார்கள், ஒன்றும் விளங்கவில்லை. அடுத்து படகில் வா என்கிறார். "குடியாத்தத்துக்காரனுக்கு இதெல்லாம் தேவையா அண்ணா? எவ்வளவு செலவு ஆகும்? வரவில்லை என்றால் தப்பாக எடுத்துக்கொள்வாரா? மீன் கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுவரலாமா, தை கழிந்து மனைவி வருகிறாள், மாசமாக இருக்கிறாள்."

போங்கள். ஆனால் படகுக்கு அவசரம் வேண்டாம். முதலில் மூன்று நான்கு மீட்டிங்குக்குப் போய்விட்டு அப்புறம் படகில் ஏறுங்கள். நான் தலைகீழாகச் செய்யவில்லை, முறைப்படிதான் போனேன். அப்படியும் ஒரு தப்பு செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்வார்டு என்றால் ஸ்வார்டுஃபிஷ், வாள்மீன். நம் ஏரி வாளையும் இல்லை, மீன் மார்க்கெட்டில் பட்டையாகத் தொங்கும் சாவாளையும் இல்லை. மூக்கில் ரம்பம் வைத்த வேளா மீனும் இல்லை. இதன் மேல்தாடைதான் முன்னால் நீண்டு தட்டையான வாளாகிறது. மயில் மீன், மார்லின் இரண்டுக்கும் மூக்கு உருண்டையாக இருக்கும், இதற்குப் பட்டை. வளர்ந்த மீனுக்குச் செதிலும் கிடையாது, பல்லும் கிடையாது. வாளை வீசிக் கணவாயை வெட்டிப்போட்டு விழுங்குகிறது. தன் குடும்பத்தில் இந்த ஒரு இனம் மட்டும்தான்.

இவர்கள் ஏன் இதற்கு இப்படி அலைகிறார்கள் என்று கேட்டால், இருக்கும் இடம்தான் காரணம். பகலில் அது 1500, 1800 அடி ஆழத்தில் கிடக்கும். சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி ஏறியிருப்பீர்கள். அந்த மலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அங்கே முழுகிப்போகும். அடியில் இருட்டு, ஐஸ் தண்ணீர் மாதிரி குளிர். ஆனால் இந்த மீனுக்குக் கண்ணையொட்டிய ஒரு தசை அடுப்பாக வேலை செய்கிறது, கண்ணையும் மூளையையும் சூடாக வைத்திருக்கிறது. சூடான கண்ணுக்கு, ஓடும் இரை அந்தக் குளிரிலும் தப்பாது. பொழுது சாய்ந்ததும் கணவாய்க் கூட்டம் மேலே ஏறும், அதன் பின்னால் இதுவும் ஏறும். ஆக, பகலில் பிடிப்பது ஒரு வித்தை, இரவில் பிடிப்பது வேறு வித்தை. மீட்டிங்கில் பாதிச் சண்டை இதைப் பற்றித்தான்.

மீட்டிங் எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டால் அங்கே உட்கார்ந்து தூங்கி வழியமாட்டீர்கள். முதலில் கொடிக்கு எழுந்து நிற்பார்கள். போன மாதக் குறிப்பு வாசிப்பு, பொருளாளர் கணக்கு. இது நம் ஊர்ச் சங்கக் கூட்டம் மாதிரியேதான், டீக்குப் பதில் பீர், அவ்வளவுதான். அப்புறம் யார் என்ன பிடித்தார் என்று பெயர் பெயராக வாசிப்பார்கள். அந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எத்தனை அடியில், எந்த நீரோட்டத்தில், நிலா எத்தனையாம் நாள் என்பதெல்லாம் அங்கேதான் வெளியில் வரும். பிடித்த இடத்தை மட்டும் ஒருவரும் உண்மையாகச் சொல்லமாட்டார், அதை எதிர்பார்க்காதீர்கள். இரவு மீன்பிடிப்புக்குப் பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் நல்லது என்பார்கள். அதற்காக ஆளாளுக்கு ஒரு ஆப் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுத் தினக்காலண்டரே போதும்.

பிறகு சண்டை. பகலில் அவ்வளவு ஆழத்துக்குப் பத்து பன்னிரண்டு பவுண்டு எடை கட்டித் தூண்டிலை இறக்குகிறார்கள். அதைத் திரும்பச் சுற்றி எடுக்கவே தோள்பட்டை போய்விடும் என்று கரண்டில் ஓடும் ரீல் வைத்திருப்பார்கள். பட்டனை அழுத்தினால் மீன் மேலே வரும். அது மீன்பிடியா, கிணற்று மோட்டாரா என்று பழைய ஆட்கள் கேட்பார்கள். உலக சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் மோட்டார் ரீலில் பிடித்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அந்தச் சங்கத்தின் தலைமையகம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, டேனியா பீச்சில் இருக்கிறது. ஒருநாள் பாருங்கள்.

எந்த மீட்டிங்கிலும் இரண்டு கதை வராமல் போகாது. ஒன்று, 1913இல் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவுப் பக்கம் வில்லியம் போஷன் என்பவர் முதன்முதலாகத் தூண்டில் கழியும் ரீலும் வைத்து வாள்மீன் பிடித்தது. இன்னொன்று 1953, சிலி நாட்டின் இக்கீக்கே கடலில் லூயி மாரன் பிடித்த 1182 பவுண்டு மீன். நம் கணக்கில் 536 கிலோ. அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சில் ஒரு தடவை எடுத்துவிட்டால் மரியாதை.

மயாமிப் பக்கத்து ஆட்களுக்கு மூன்றாவதாகவும் ஒரு கதை உண்டு. 1970களில் அங்கே இரவு வாள்மீன் பிடிப்பு களைகட்டியது. பின்னால் மைல்கணக்கில் முள் கட்டிய நீளக்கயிறு போடும் வணிகப் படகுகள் வந்தன, மீன் சிறுத்துக்கொண்டே போனது. 1998இல் அமெரிக்கச் சமையல்காரர்கள் பலர் சேர்ந்து வாள்மீனைச் சமைக்கமாட்டோம் என்றார்கள். 2001இல் ஃபுளோரிடாவின் கிழக்குக் கடலில் நீளக்கயிறு போடுவதை அரசாங்கம் தடுத்தது. மீன் திரும்பி வந்தது. அந்த நாட்களைப் பார்த்த கிழவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

நான் அந்த வரிசையில் உட்கார்ந்துதான் உள்ளே போனேன். முதல் இரண்டு மீட்டிங்கில் என்னை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, கைகுலுக்கல் மட்டும். மூன்றாவதில் ஒரு படகு கேப்டன் கணவாயை இரையாகத் தைத்துக் காட்டினார். முழுக் கணவாய், ஒரு முழ நீளம். வாள் முதலில் வந்து அடிக்கும், அந்த அடியில் தலை பிய்ந்துபோகக் கூடாது. அதனால் முள்ளை உடம்புக்குள் விட்டு, மெழுகு பூசிய நூலில் தலையையும் உடம்பையும் சேர்த்துத் தைக்க வேண்டும். யாராவது செய்து பார்க்கிறீர்களா என்று கேட்டார். எல்லாரும் வழவழப்பில் கையை விட்டுத் திணறினார்கள். நான் எழுந்து போனேன்.

தம்பி, நீங்கள் குடியாத்தம், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஷூ அப்பர் தைத்தார்கள். கம்பெனியிலிருந்து மூட்டை வரும், அம்மா இங்கே இதே திண்ணையில் உட்கார்ந்து தைப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கும் பத்து ஜோடி. மெழுகு நூலை எச்சில் தொட்டு முறுக்குவது, ஒரே ஓட்டையில் இரண்டு பக்கமும் ஊசி விட்டு ஒரு இழு இழுப்பது, இதெல்லாம் விரலுக்கு மறக்குமா? தோலை விடக் கணவாய் மெத்து, அவ்வளவுதான் வித்தியாசம். தைத்து முடித்து நூலை நறுக்கியதும் கேப்டன் அதை வாலைப் பிடித்துத் தூக்கி மேஜையில் மூன்று தடவை அடித்தார். தையல் அசையவில்லை. "இதை எங்கே கற்றுக்கொண்டாய்?" என்றார். "என் அம்மாவிடம்" என்றேன். அம்மா மீன் பிடிப்பாரா என்று கேட்டார் பாவம்.

அன்றைக்கே கடைசி வரிசைக் கிழவர் ஒருவர், குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தன் படகுக்கு வரச் சொன்னார். இரவுப் பயணம். கரையிலிருந்து ஏறத்தாழ 15 மைல் போனதும் இன்ஜினை நிறுத்திவிட்டார். கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் படகை வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. நான்கு தூண்டில், 100 அடியிலிருந்து 300 அடி வரை வேறு வேறு ஆழம். ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு பலூன் கட்டி, அதில் ஒளிரும் குச்சி ஒன்றைச் செருகி விட்டார். பார்த்ததும் சிரித்துவிட்டேன். மோர்தானா அணையில் நாம் போடும் தக்கைதான் அது, கொஞ்சம் வசதியான தக்கை.

நள்ளிரவு தாண்டி ஒரு பலூன் உள்ளே போனது. ரீல் கிரீச்சென்று கத்தியது. அப்புறம் சத்தம் நின்று நரம்பு தொய்ந்துவிட்டது. போய்விட்டது என்று நினைத்தேன். கிழவர், இல்லை, மேலே ஓடி வருகிறது என்று வெறி பிடித்தவர் மாதிரி ரீலைச் சுற்றினார். கழியைத் தாங்கியிலிருந்து உருவி எடுத்து நிமிர்ந்தபோது ஈரப் பலகையில் அவருடைய முழங்கால் மடங்கியது. கழி சாய்கிறது. நான் பாய்ந்து இரண்டு கையாலும் அடிக்கட்டையைப் பிடித்தேன். நம் ஊரில் ஏரி வற்றி மீன் பிடிக்கும்போது ஒருவன் கையில் பெரிய விரால் மாட்டினால் என்ன செய்வோம்? நான்கு பேர் மேலே விழுந்து அமுக்குவோம். அதே கைதான் போனது.

"தொடாதே!" என்று ஒரு கத்தல். நான் விட்டுவிட்டேன். ஒரு நொடி, இரண்டு நொடி இருக்கும். அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் அவர் தனியாகவே போராடினார். நான் ஓரமாக நின்றேன், தண்ணீர் பாட்டிலை நீட்டக்கூடப் பயம். மீன் பக்கவாட்டில் வந்தபோது படகு விளக்கில் உடம்பு ஊதாவும் வெண்கலமும் கலந்து மின்னியது. கண் ஒரு சாத்துக்குடி அளவு. என்னைத்தான் பார்க்கிறது என்று தோன்றியது. கீழ்த்தாடையிலிருந்து வால் கவை வரை 62 அங்குலம், நூறு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல்.

திரும்பும் வழியில்தான் விஷயம் புரிந்தது. மீன் கடித்ததிலிருந்து படகேறும் வரை கழியை, ரீலை, நரம்பை வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் சர்வதேசச் சங்கத்தின் சாதனைக் கணக்கில் சேராது. கிளப்பின் வருடாந்திரப் போட்டிக்கும் அதே விதிதான். அடுத்த மீட்டிங்கில் அவர் பெயர் வந்தது. வேறு யாராவது தொட்டார்களா என்று வழக்கமான கேள்வியைச் செயலாளர் பேனாவைத் தூக்காமலே கேட்டார். படகில் இருந்தது நாங்கள் இருவர்தான். கிழவர் எழுந்து, "ஆமாம், இரண்டு நொடி" என்றார். என் பக்கம் திரும்பவும் இல்லை, யார் என்று சொல்லவும் இல்லை. செயலாளர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். வெளியே வந்ததும் கிழவர் ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலம் மீனை என் கையில் வைத்து, "அடுத்த வாரம் கணவாய் பத்து தைத்து வை" என்றார்.

அதனால் படகில் ஏறுமுன் கேளுங்கள், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது. வெட்கப்படாதீர்கள். ஐஸ் சுமக்கலாம், இரை தைக்கலாம், முடிந்ததும் படகைக் கழுவலாம். கழுவாமல் நழுவுகிறவனை இரண்டாம் தடவை கூப்பிடமாட்டார்கள்.

செலவு. கிளப் சந்தா பெரிய காசில்லை, ஒரு குடும்பச் சாப்பாட்டுக் காசு. தெரிந்தவர் படகு என்றால் டீசல், ஐஸ், இரையில் உங்கள் பங்கைக் கொடுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வாடகைப் படகு எடுத்தால் ஆயிரம் டாலரைத் தாண்டும், அதற்கு மேல் வேலையாட்களுக்கு டிப்ஸ். தனியார் படகில் போக உங்களுக்கு ஃபுளோரிடாவின் கடல் மீன்பிடி உரிமம் வேண்டும், உள்ளூர்க்காரருக்கு வருடத்துக்கு 17 டாலர், வெளியாருக்கு 47. வாடகைப் படகில் அவர்கள் உரிமமே போதும். வாள்மீனுக்குப் படகின் பேரில் தனி அனுமதி உண்டு, 47 அங்குலத்துக்குக் குறைந்த மீனை விட்டுவிட வேண்டும். இவை மேனேஜருக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். விசாவில் இருக்கிறவன் சின்ன அபராதத்தையும் வாங்காமல் இருப்பது நல்லது.

வாந்தி மாத்திரையை முந்தின இரவே போடுங்கள், படகில் ஏறிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து கடலுக்குப் போகும். ரப்பர் அடி வெள்ளை ஷூ. அப்புறம் வாழைப்பழம். நாம் வாழைப்பழம் இல்லாமல் ஒரு நல்ல காரியமும் செய்வதில்லை, அங்கே அது படகில் ஏறினால் மீன் வராது என்று ஒரு நம்பிக்கை. சிப்ஸ் கூட வேண்டாம். நான் பார்க்க ஒருவருடைய சாப்பாட்டுப் பையைத் துறைமுகத்திலேயே இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

போகவில்லை என்றால் தப்பாக நினைக்கமாட்டார், ஆனால் மறுபடியும் கூப்பிடமாட்டார்.

மனைவி விஷயம். கண்டிப்பாக வேண்டாம். வாள்மீனில் பாதரசம் அதிகம், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிடக் கூடாது என்று அமெரிக்க அரசாங்கமே பட்டியலில் போட்டிருக்கிறது. கொடுத்த மீனை மறுக்க வேண்டியதில்லை, நன்றி சொல்லி வாங்கி ஆபீஸில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இல்லை நீங்கள் மட்டும் எப்போதாவது ஒரு துண்டு. குழம்புக்கு அது சுமார்தான், புளியில் போட்டாலும் உள்ளே ஏறாது. தோலை எடுத்துவிட்டு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கொஞ்சம் எலுமிச்சை தடவித் தவாவில் போட்டால் நன்றாக வரும்.

இதை எழுதும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து யாருக்கு இவ்வளவு நீளமாக என்று கேட்டார். சொன்னேன். "குடியாத்தத்துப் பிள்ளைக்கு ஊசி பிடிக்கத் தெரியுமா?" என்கிறார். தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பொங்கல் முடிந்து திரும்புகிறேன், அடுத்த மீட்டிங்குக்கு ஒரு மணி நேரம் முன்னால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். கணவாய் வாங்கி வைக்கிறேன். மெழுகு நூல் இங்கிருந்தே இரண்டு கண்டு எடுத்து வருகிறேன்.