பெயின்ட் மங்கிய பழைய காரை நம்பி தினமும் வேலைக்குப் போகலாமா?

16 வருடப் பழைய கார், 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, விலை குறைவு, வழியில் நிற்காமல் ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ "இந்த டப்பாவையா வாங்கப் போறே?" என்று கேட்டிருப்பார்கள் என நினைக்கிறேன். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஏழு வருடமாக நான் வாங்கிய அப்படியொரு பழைய காரில்தான் வேலைக்குப் போய் வருகிறேன்.

வாங்கிய முதல் மாதமே நடுரோட்டில் வெப்பமானி முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. போனட்டிலிருந்து ஆவி, கூடவே ஒரு இனிப்பு வாடை. வண்டியை ஓரங்கட்டி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநர் என் கையைப் பிடித்து இழுத்தார். சூட்டோடு திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்குமாம். ஆறிய பிறகு பார்த்தால் ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில், அதாவது மேல் ஹோஸில், கிளிப்பை ஒட்டி, நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. ரப்பர் தென்னை மட்டை மாதிரி காய்ந்து கிடந்தது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை.

மறுநாளே எல்லா ஹோஸ்களையும் மாற்றினேன். பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று விற்றவருக்கே தெரியவில்லை, அதையும் மாற்றினேன். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடித்துவிடும், அப்புறம் காரின் விலையை விட இன்ஜின் வேலைக்கு அதிகம் ஆகும். அன்றிலிருந்து ஞாயிறு காலையில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவித் துடைத்து ஆயில் பார்ப்பேன், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு ஒரு நாளும் வழியில் நின்றதில்லை.

"விபத்து நடந்தால் பழைய கார் காப்பாற்றுமா?" என்று கேட்க வருகிறவர்களுக்கு: புது காரில்தான் பாதுகாப்பு அதிகம், நான் மறுக்கவில்லை. அடிப்பாகத்தில் துரு தின்றிருந்தால் நானே வாங்காதீர்கள் என்பேன். கையில் இருக்கும் காசுக்கு எது ஓடும் என்பதுதான் இங்கே கேள்வி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. காரை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். என் மைத்துனர் இரண்டு நாள் எடுத்துப் போனார். டேஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததை ஒரு வாரம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார். அந்த விளக்கு எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும் என்றால், "பழைய வண்டிதானே" என்கிறார். பழையது என்றால் யாருடையதும் இல்லை என்று அர்த்தமா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், டயரின் வயது தெரிய பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 3514 என்றால் 2014-ன் 35-வது வாரம் செய்தது. காலையில் முன்கூட்டியே சொல்லாமல் போய், குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. போனட் ஏற்கெனவே சூடாக இருந்தால் முன்பே ஸ்டார்ட் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம், பேரம் பேசாமல் திரும்பி, இன்னொரு நாள் போங்கள்.