முதுகுக்குப் பின்னால் விரல் ஜாடை

கேள்வி: பெண்கள் இரட்டையர் டென்னிஸில் வலையோரம் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்களை ஆட்டுகிறாரே, என்ன ரகசியம்? மூன்றாவது செட் மட்டும் சட்டென்று முடிந்துவிடுகிறதே?

பதில்: ரகசியம் எதிரணிக்குத்தான். சர்வ் போடும் தோழிக்கு அது தகவல்: 'குறுக்கே பாயப்போகிறேன்' அல்லது 'இங்கேயே நிற்பேன்'. பாய்ந்தால் அந்தப் பக்கம் காலி. சர்வ் போட்டவர் ஓடிவந்து அடைக்க வேண்டும். சொல்லாமல் பாய்ந்தால் இருவரும் ஒரே பக்கம் நின்று திருதிருவென விழிக்க வேண்டியதுதான்! ஜாடை காட்டிவிட்டுப் பாயாமல் நிற்பவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது அந்தக் கள்ளத்தனமே.

டபிள்யூ.டி.ஏ. (பெண்கள் டென்னிஸ் சங்கம்) போட்டிகளில் மூன்றாவது செட்டே கிடையாது. ஆளுக்கொரு செட் என்றானால், அதற்குப் பதில் 10 புள்ளி டைபிரேக்: முதலில் 10 புள்ளி எடுக்கும் ஜோடிக்கு வெற்றி. இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். முதல் இரண்டு செட்களிலும் ஒரு கேமில் 40-40 ஆனால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடியும். அந்த சர்வை யார் வாங்குவது என்பது வாங்கும் ஜோடியின் விருப்பம். விம்பிள்டன் போன்ற கிராண்ட்ஸ்லாம்களில் முழு மூன்றாவது செட் உண்டு. அதுதான் நியாயம் என்பேன். மார்ட்டினா நவரத்திலோவா-பாம் ஷ்ரைவர் இரட்டையர் ஜோடி தொடர்ந்து 109 ஆட்டங்கள் வென்றது. 1985 விம்பிள்டன் இறுதியில்தான் அது முறிந்தது. அவ்வளவு நீண்ட ஓட்டம் இந்தக் குறுக்கு விதிகளில் நடந்திருக்குமா? சந்தேகம்தான்.