டீசல் ஊறிய மண்ணும் மூன்று ஆண்டுக் காலக்கெடுவும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் வெருலத்துக்கு அருகே, எங்கள் தாத்தா கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் வாங்கிய நிலத்தில் காய்கறி பயிரிடுகிறோம். மேட்டில் பேருந்து நடத்தும் ஒருவரின் டீசல் தொட்டி கசிந்து எங்கள் கீழ்ப்பாத்திகள் கெட்டன. அவர் எங்கள் கோயில் கமிட்டியிலும் இருப்பவர். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் ஜனவரி மழைக்குப் பின் மண்ணில் டீசல் வாடை அடித்தது. மிளகாயும் கீரையும் மஞ்சளித்துக் கருகின. ஏப்ரலில் எடுத்த பரிசோதனை, டீசல்தான் என்று உறுதிசெய்தது. "தம்பி, பொறு, நான் சரிசெய்து தருகிறேன்" என்று சொல்லியே நாளைக் கடத்தியவர், சென்ற மாதம் பூசை முடிந்து எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பேராசைக்காரன் என்றார். அவரைச் சிறைக்கு அனுப்ப முடியுமா? வரும் ஏப்ரலுக்குள் வழக்குப் போட்டால் போதும் அல்லவா? கெட்ட மண்ணில் இரண்டு லாரி அளவு வெட்டி ஓடைப் பள்ளத்தில் கொட்டிவிட்டேன். நிலத்தில் பாதியை மருமகன் பெயருக்கு மாற்றவும் எண்ணியிருக்கிறேன்.

பதில்: தாத்தா பட்ட பாடும், கோயிலில் கேட்ட சொல்லும் உங்களுக்குப் பெரியவை, இந்த வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. மன உளைச்சலுக்காக நீதிமன்றம் உங்களுக்கு ஒரு ரேண்ட் கூடத் தரப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றே: டீசல் வாடையை முதன்முதலில் அறிந்தது ஜனவரியில் என்று நீங்களே எழுதியிருப்பது.

1969-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி இத்தகைய இழப்பீட்டுக் கோரிக்கை மூன்று ஆண்டுகளில் இறந்துவிடும். அந்தக் காலம், பொறுப்பாளி யார் என்பதையும் கோரிக்கைக்கு அடிப்படையான உண்மைகளையும் நீங்கள் அறிந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான கவனத்தோடு இருந்திருந்தால் அறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. ஆய்வுக்கூடத்தின் தாள் கையில் கிடைத்த நாள்தான் தொடக்கம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2006-இல் ஒரு மருத்துவ வழக்கில், நிபுணரின் கருத்து கிடைக்கும்வரை காலம் ஓடாது என்ற வாதத்தை உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்க மறுத்தது. மேட்டில் ஒரே ஒரு தொட்டி, கீழே டீசல் வாடை, கருகிய பயிர் ஆகிய மூன்றையும் ஜனவரியிலேயே கண்ட ஒருவர், ஏப்ரல்வரை தமக்கு ஒன்றும் தெரியாது என்று சாட்சிக் கூண்டில் நின்று சொன்னால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதிகம் உழைக்க வேண்டியிராது. எனவே உங்கள் கெடு வரும் ஜனவரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் மீண்டும் மீண்டும் விழும் குழி இதற்கு அடுத்ததுதான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போது காலம் ஓடாது என்று நம்பி, அக்கம்பக்கத்து மரியாதைக்காகப் பொறுத்திருந்து, கெடு கடந்த மறுவாரம் வந்து நிற்பார்கள். பேச்சுவார்த்தை காலத்தை நிறுத்தாது. நிறுத்துபவை இரண்டு. ஒன்று, அழைப்பாணை அவர் கையில் சேர்வது. நீதிமன்றத்தில் முத்திரை பெற்றால் போதாது, நீதிமன்ற ஆவணங்களைக் கொண்டுசேர்க்கும் அலுவலரான ஷெரிஃப் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பித்திருக்க வேண்டும். டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து இந்நாட்டில் யாரைத் தேடினாலும் விடுமுறையில் இருப்பார்கள் என்பதால் அக்டோபருக்குள் அந்த வேலை முடிந்திருப்பது நல்லது. மற்றொன்று, அவர் தம் பொறுப்பை ஒப்புக்கொள்வது. ஒப்புக்கொண்ட நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கும். சமரசப் பேச்சின்போது சொன்னவை பொதுவாக நீதிமன்றத்துக்கு வராதவை என்றாலும், பொறுப்பை ஒப்புக்கொண்ட கூற்றைக் காலவரம்பு குறித்த வாதத்துக்கு மட்டும் காட்டலாம் என்று 2017-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் "பொறு, சரிசெய்து தருகிறேன்" என்பது பொறுப்பேற்பா, அண்டைவீட்டாரின் பெருந்தன்மையா என்று வாதாடும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? "என் தொட்டியிலிருந்து கசிந்த டீசலால் உங்கள் நிலத்துக்கு ஏற்பட்ட இழப்புக்கு நான் பொறுப்பு, தொகையைப் பின்னர் முடிவுசெய்வோம்" என்று நான்கு வரி எழுதி அவர் கையொப்பமிட்டால் போதும். காப்பீடு வைத்திருந்தால் நிறுவனத்தைக் கேளாமல் அவர் கையொப்பமிட மாட்டார், மறுத்தால் அழைப்பாணைதான்.

இன்னும் கசிகிறது, ஆகவே கெடுவே இல்லை என்று யாராவது சொன்னால் பாதி கேளுங்கள். தொடரும் தீங்குக்கு அண்மைய இழப்பைக் கேட்க வழி இருக்கலாம்; முதல் ஆண்டில் போன விளைச்சலை அது மீட்டுத் தராது.

இனி அந்த இரண்டு லாரி மண். இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் கவலை வந்தது. டீசல் ஊறிய மண் சட்டத்தின் கண்ணில் கழிவு. அதை ஓடைப் பள்ளத்தில் கொட்டியது 2008-ஆம் ஆண்டின் கழிவுச் சட்டப்படி அபராதமும் சிறையும் வரக்கூடிய குற்றம்; ஓடை நீர் கெட்டால் 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டமும் உங்கள்மீது பாயும். இதற்கு மேல், அதே 1998-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, மாசு பரவாமல் தடுக்கும் கடமையை அதை உண்டாக்கியவர்மேல் மட்டும் வைக்காமல், மாசு இருக்கும் நிலத்தின் உரிமையாளர்மேலும் வைக்கிறது. அவரைச் சிறைக்கு அனுப்பப் புகார் கொடுத்தால் கிரீன் ஸ்கார்பியன்ஸ் என்று மக்கள் அழைக்கும் சுற்றுச்சூழல் ஆய்வு அதிகாரிகள் வருவார்கள்; மேட்டிலிருந்து பார்க்கத் தொடங்கி உங்கள் பள்ளத்தில் வந்து நிற்பார்கள். நிலம் கணிசமாக மாசுபட்டிருந்தால் அறிந்தவுடன் அரசுக்குத் தெரிவிக்கும் கடமை உரிமையாளருக்கும் உண்டு என்பதையும், நீங்கள் இன்னும் தெரிவிக்கவில்லை என்பதையும் அவர்கள் கேட்பார்கள். சிறை என்ற பேச்சை விட்டுவிடுங்கள்.

அந்த மண்ணோடு உங்கள் சாட்சியமும் போய்விட்டது. டீசலின் இலேசான பகுதி ஆவியாகிவிடும். ஒரு பகுதியை மண்ணின் நுண்ணுயிர்கள் தின்னும். கனமான பகுதி களிமண்ணில் ஒட்டிக்கொண்டு நீர் உள்ளிறங்கவிடாமல் தடுக்கும். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையும் உயிர்வளியையும் இழுத்துக்கொள்வதால்தான் பயிர் மஞ்சளிக்கிறது. இதைச் சொல்வதன் காரணம், உரம் குறைந்ததால்தான் உங்கள் கீரை மஞ்சளித்தது என்று எதிர்த்தரப்பு வேளாண் நிபுணர் சொல்லப்போகிறார். ஒரே இடத்தில் எடுத்த ஏப்ரல் மாத மாதிரி அதற்குப் பதில் சொல்லாது. நாட்டின் தேசிய அங்கீகார அமைப்பான சனாஸின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தின் ஆளே வந்து, பல ஆழங்களிலும், டீசல் படாத மேட்டுப் பாத்தியிலும் மாதிரி எடுத்து, கண்ணாடிக் குப்பியில் குளிர்ச்சியாகக் கொண்டுபோக வேண்டும். அறிக்கை, டீசலில் உள்ள எண்ணெய்ச் சேர்மங்களான ஹைட்ரோகார்பன்களை கார்பன் எண்ணிக்கை வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். 2014-ஆம் ஆண்டின் மண் தர நெறிமுறைகள் அந்தப் பிரிவுகளுக்குத்தான் அளவு வைத்திருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரையும் சேர்த்துக் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் என் யோசனை சமரசம்தான். அவருடைய கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டும்; வென்றாலும் உங்கள் வழக்குச் செலவு முழுவதும் திரும்பி வராது; பொதுப் பொறுப்புக் காப்பீடுகள் பெரும்பாலும் திடீர் விபத்தை ஏற்குமே தவிர மெல்லக் கசிந்ததை ஏற்பதில்லை என்பதால், பெரிய தொகைக்குத் தீர்ப்பு வாங்கி, பழைய பேருந்துகளைத் தவிர வேறொன்றும் இல்லாதவரிடம் அதை நிறைவேற்றப் போராட வேண்டியிருக்கும். பணத்தைவிட வேலையைக் கேளுங்கள்: தொட்டியை மாற்றுவது, பள்ளத்தில் கிடக்கும் மண்ணை உரிமம் பெற்ற இடத்துக்கு அனுப்புவது, பாத்திகளைச் சீரமைத்து மறுபரிசோதனையில் அளவு இறங்கியதைக் காட்டுவது, நிலம் ஆறும்வரை இழக்கும் விளைச்சலுக்கு மாதந்தோறும் ஒரு தொகை. முதல் தவணையோடு நீட்டப்படும் "முழுமையான இறுதித் தீர்வு" என்ற தாளில் மட்டும் கையொப்பமிடாதீர்கள். நிலத்தடி நீர் பிற்பாடு கெட்டாலோ, அரசு உங்களைச் சீரமைக்கச் சொன்னாலோ அந்தச் செலவும் அவருடையது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

மருமகனுக்கு மாற்றும் வேலையை நிறுத்திவையுங்கள். மாசுபட்ட நிலம் என்பதைப் பெறுபவருக்குத் தெரிவிக்காமல் மாற்றக் கூடாது என்று கழிவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்கிறது; மருமகனும் பெறுபவரே.