51 சதவீதம் உங்களுடையது, முடிவு அத்தானுடையதா?

கேள்வி: தமிழ் தெரிந்ததால் 2013-ல் மாவ்னி (குறிப்பிட்ட மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட) திட்டத்தின் வழியாக அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தேன். எட்டு ஆண்டுகள் கழித்து முழங்கால் காயத்தோடு வெளியே வந்தேன். உடல் பாதிப்பு 30 சதவீதம் என்று வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத்துறை) மதிப்பிட்டிருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகச் சான் அன்டோனியோவில் துப்புரவு நிறுவனம் நடத்துகிறேன். அக்கா கணவர் 40,000 டாலர் போட்டு 49 சதவீதப் பங்கு வைத்திருக்கிறார். முன்னாள் படைவீரர்களுக்கென ஒதுக்கிய அரசு ஒப்பந்தம் பெற, முன்னாள் படைவீரர் நிறுவனமாகப் பதிய வேண்டும். முகவர் ஒருவர் 3,800 டாலர் கேட்கிறார். கிரெடிட் கார்டில் கட்டலாமா?
(பெயர் வேண்டாம், டெக்சஸ்)

பதில்: முகவருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அரசு ஒப்பந்தம் கேட்பவர்கள் பதியும் சாம் (SAM.gov) தளத்தில் பதிவது இலவசம். சிறுதொழில் துறையான எஸ்.பி.ஏ. தரும் வெட்செர்ட் என்ற படைவீரர் நிறுவனச் சான்றிதழுக்கும் கட்டணம் கிடையாது. படிவத்தில் தடுமாறினால், அரசு ஒப்பந்தம் தேடும் நிறுவனங்களுக்கு வழிகாட்டும் ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அரசு நிதியில் நடப்பது அது. கார்டில் கட்டினால் 24 சதவீத வட்டியில் மாதம் 76 டாலர் வீணாகப் போகும்.

என்னை உறுத்தியது வேறு. "அத்தானிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று உங்கள் கடிதத்தில் நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். இணைத்திருந்த எல்.எல்.சி. ஒப்பந்தத்தை (பங்குதாரர்களான உங்கள் இருவருக்கும் இடையிலான நிறுவன ஒப்பந்தம்) படித்தபோது காரணம் புரிந்தது. 500 டாலருக்கு மேற்பட்ட எந்தச் செலவுக்கும் இருவர் கையெழுத்தும் வேண்டுமாம். தரை தேய்க்கும் இயந்திரம் ஒன்று வாங்க நீங்கள் 11 நாள் காத்திருந்திருக்கிறீர்கள்!

சான்றிதழ் பெறப் படைவீரரிடம் இருக்க வேண்டிய 51 சதவீதப் பங்கு பாதிக் கதைதான். அன்றாட நிர்வாகமும் நீண்டகால முடிவுகளும் படைவீரர் கையில் இருக்க வேண்டும் என்பது மீதிக் கதை. அத்தான் 'மேற்பார்வை'க்காக மாதம் 2,500 டாலர் எடுக்கிறார். நிறுவனத் தலைவரான நீங்கள் 2,000 எடுக்கிறீர்கள். தலைவரைவிட இன்னொருவர் அதிகம் வாங்கினாலே கட்டுப்பாடு யாரிடம் என்ற சந்தேகம் எழும் என்று விதியே சொல்கிறது. "அரசு இதையெல்லாம் தோண்டாது" என்றாராம் அத்தான். விண்ணப்பத்தோடு அந்த எல்.எல்.சி. ஒப்பந்தத்தையே இணைக்கச் சொல்வார்கள். பொய்யாகத் தகுதி காட்டி அரசு ஒப்பந்தம் பெற்றால் 5 லட்சம் டாலர் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை. ஒப்பந்தத்தின் முழுத் தொகையையும் அரசுக்கு நேர்ந்த நஷ்டமாகக் கணக்கிடவும் சட்டத்தில் இடமுண்டு. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான், அத்தான் அல்ல.

இப்போது கணக்கு. மாதம் 2,500 வீதம் 24 மாதங்களில் அத்தான் எடுத்தது 60,000. போட்டது 40,000. ஒன்றரை மடங்கு திரும்பிய பிறகும் 49 சதவீதம் அவரிடமே இருக்கிறது. உங்கள் முதல் விமான டிக்கெட்டை அவர்தான் எடுத்துக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நன்றியை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கு மதிப்புக் கொடுத்தே வழி சொல்கிறேன்.

அவருடைய பங்கை 40,000 டாலருக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லுங்கள். கையில் பணம் இல்லாததால் அதையே கடனாக எழுதுங்கள்: 10 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு, மாதத் தவணை சுமார் 850 டாலர். பங்கைத் திரும்பக் கேட்கும் உரிமையோ முடிவுகளில் தலையிடும் உரிமையோ பத்திரத்தில் வரவே கூடாது, வழக்கறிஞர் எழுதட்டும். மேற்பார்வைச் சம்பளம் நின்றால், தவணை போக மாதம் 1,650 மிஞ்சும். ஓராண்டில் ஏறக்குறைய 20,000.

அந்தப் பணம் உங்களுக்கு அவசியம். முறையான பில் போய்ச் சேர்ந்து 30 நாளில் பணம் தருவது அரசின் பொதுவான வழக்கம். மாதம் முடிந்துதான் பில் போடுவீர்கள். ஆக, உங்கள் ஆட்களுக்கு மாதம் 9,000 வீதம் இரண்டு மாதக் கூலி, 18,000, முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

இந்த இடைவெளியைக் குறிவைத்துத்தான் 'மெர்ச்சன்ட் கேஷ் அட்வான்ஸ்' (வரப்போகும் வருமானத்திலிருந்து பிடித்துக்கொள்ளும் முன்பணம்) விளம்பரங்கள் உங்கள் போனுக்கு வருகின்றன. 15,000 கொடுத்து ஆறு மாதத்தில் தினமும் பிடித்துப் பிடித்து 19,500 வாங்குவார்கள். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டும். தொடாதீர்கள்.

சான்றிதழுக்கு அவசரப்பட வேண்டாம். பணியில் உடல் பாதிப்புற்ற படைவீரர் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத் தொகையில் பங்கு தரும் மத்திய அரசின் இலக்கு 3 சதவீதத்திலிருந்து 5 ஆக உயர்ந்திருக்கிறது. வாய்ப்பு எங்கும் ஓடிவிடாது. பங்கு கைமாறி, எல்.எல்.சி. ஒப்பந்தம் திருத்தப்பட்டு, வங்கிக் கணக்கில் உங்கள் ஒரே கையெழுத்து செல்லுபடியாகும் நாளில் விண்ணப்பியுங்கள். அத்தான் சம்மதிக்கவில்லை என்றால் விண்ணப்பிக்காமல் தனியார் அலுவலகங்களையே சுத்தம் செய்துகொண்டிருங்கள்.